படிப்பதற்கு ஏற்ற திரை எது?

இங்க் பேனாவால் எழுதிப் பழகிய தலைமுறையினருக்குச் சாத்தூர் என்றவுடன் இரண்டு பொருள்கள் நினைவுக்கு வரும். ஒன்று காராச்சேவு; மற்றொன்று பேனா நிப்பு. உலோகத் தகட்டிலிருந்து நிப்பை வெட்டி எடுத்து, வளைத்து, நடுவே கீறல் இடும் சிறு பட்டறைகள் ஒரு காலத்தில் இவ்வூரில் ஏராளமாக இருந்தன. பந்துமுனைப் பேனா பரவியபின் அத்தொழில் நலிந்துவிட்டது. மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிவகாசியோ தீப்பெட்டி லேபிள்களில் தொடங்கி, நாள்காட்டி, நாட்குறிப்பு, நோட்டுப் புத்தகம் என்று விரிந்து, அச்சுத்தொழிலில் நாடறிந்த ஊராயிற்று. மையும் தாளும் இவ்வட்டாரத்தாருக்கு நெடுநாள் உறவு.

மையும் தாளும் இன்றிப் படிக்கும் கருவிகள் இன்று கடைகளுக்கு வந்துவிட்டன. மகள் பதினோராம் வகுப்பில் சேர்ந்திருப்பாள். அல்லது மகன் அரசுப் பணியாளர் தேர்வுக்குத் தயார் செய்துகொண்டிருப்பான். தீபாவளி போனஸ் பணமோ சீட்டுப் பணமோ கையில் இருக்கும். ஒரு கருவிதான் வாங்க முடியும். படிப்பதற்கென்றே செய்யப்பட்ட கிண்டில் போன்ற மின்படிப்பானை வாங்குவதா, அல்லது பல வேலைகளுக்கும் பயன்படும் டேப்லெட்டை வாங்குவதா? கடைக்காரர் விலையைச் சொல்வார். அண்டை வீட்டார் தம் அனுபவத்தைச் சொல்வர். திரைகளுக்குள் என்ன நடக்கிறது என்பதையும், நாம் படிக்கப்போகும் தமிழ் நூல்கள் எந்த வடிவில் கிடைக்கின்றன என்பதையும் தெரிந்துகொண்டால், இதற்கான விடையை நாமே கண்டுகொள்ளலாம். இவ்விரண்டில் முன்னதைவிடப் பின்னதே முக்கியமானது என்பது என் கருத்து.

ஒளிப்பெட்டியும் மைக்குமிழும்

டேப்லெட்டின் திரை பெரும்பாலும் திரவப் படிகத் திரையாகும். இதன் பின்புறம் வெண்ணிற ஒளிதரும் சிறு விளக்குகள் எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்கு முன்னே திரவப் படிகம் என்னும் ஒருவகைப் பொருள் மெல்லிய படலமாக அமைந்திருக்கிறது. மின்னழுத்தம் கொடுத்தால் இப்பொருளின் மூலக்கூறுகள் திரும்பிக்கொள்ளும். படலத்தின் இருபுறமும் உள்ள முனைவாக்கித் தகடுகளுடன் சேர்ந்து, ஒளியை விடுவதா தடுப்பதா என்பதை அவை தீர்மானிக்கின்றன. நம் வீட்டுச் சன்னலில் உள்ள சட்டங்களைத் திருப்பி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது போன்றது இது. அதன்மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் இருக்கின்றன. பின்விளக்கிலிருந்து புறப்படும் ஒளியில் பத்தில் ஒரு பங்குகூட நம் கண்ணை வந்தடைவதில்லை; எஞ்சியது வழியிலேயே உறிஞ்சப்பட்டு வெப்பமாகிறது. நாம் ஒரே பக்கத்தை ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தாலும் விளக்கு எரிந்தாக வேண்டும். படமும் வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். பெரிய மின்கலம் இருந்தும் டேப்லெட் பத்து மணி நேர அளவிலேயே களைத்துப்போவதன் காரணம் இதுவே.

மின்படிப்பானின் கதை வேறு. அதன் திரையில் இருப்பது உண்மையிலேயே ஒருவகை மைதான். மயிரிழையின் பருமனை ஒத்த நுண்குமிழ்கள் இலட்சக்கணக்கில் ஒரு படலத்தில் நெருக்கமாகப் பதிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு குமிழுக்குள்ளும் நிறமற்ற எண்ணெய் போன்ற திரவமும், அதில் மிதக்கும் மிக நுண்ணிய வெள்ளைத் துகள்களும் கருப்புத் துகள்களும் இருக்கின்றன. வெள்ளைத் துகள் டைட்டானியம் டைஆக்சைடு. சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்டிலும் அச்சகத்து வெள்ளை மையிலும் இருப்பது இதுவேதான். கருப்புத் துகளுக்குப் பொதுவாகப் பயன்படுவது கார்பன் கருப்பு. சிவகாசி அச்சகங்களின் கருப்பு மைக்கு நிறம் தருவதும் அதுவே. ஆகவே, அச்சுக்கூடத்து மூலப்பொருள்களைத்தான் குமிழுக்குள் அடைத்திருக்கிறார்கள் என்று சொன்னால் தவறில்லை.

ஒருவகைத் துகளுக்கு நேர்மின்னூட்டமும் மற்றவகைக்கு எதிர்மின்னூட்டமும் ஏற்றப்பட்டுள்ளன. குமிழின் மேலும் கீழும் மின்வாய்கள் உள்ளன. அவற்றுக்கிடையே சுமார் 15 வோல்ட் மின்னழுத்தம் கொடுத்ததும், ஒரு வகை மேலே எழும். மற்றொன்று கீழே இறங்கும். வெள்ளை மேலே வந்தால் அவ்விடம் தாள் போல் தெரியும். கருப்பு வந்தால் எழுத்தாகத் தெரியும். மின்புலத்தில் துகள்கள் திரவத்தினூடே நகரும் இந்நிகழ்ச்சி புதிய கண்டுபிடிப்பன்று. மாஸ்கோவில் பணியாற்றிய ராய்ஸ் என்னும் அறிஞர் 1807-ஆம் ஆண்டிலேயே களிமண் துகள்களைக் கொண்டு இதைக் கண்டறிந்தார். இதற்கு மின்முனைக் கவர்ச்சி என்று பெயர்.

1970-களின் தொடக்கத்தில் ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனத்தார் இதனைக் கொண்டு திரை செய்ய முயன்றனர். ஆனால் நாளடைவில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டன. திரையில் திட்டுத்திட்டாகக் கறை விழுந்தது. குமிழ் என்ற எண்ணம் இந்த இடர்ப்பாட்டைத்தான் நீக்கிற்று. திரவம் முழுவதையும் ஒரே தொட்டியில் விடாமல் சிறுசிறு குமிழ்களில் அடைத்துவிட்டால், துகள்கள் தொலைதூரம் ஓட முடியாதல்லவா? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் ஜேக்கப்சனும் அவருடைய மாணவர்களும் இவ்வழியில் வெற்றி கண்டு, 1998-இல் 'நேச்சர்' இதழில் கட்டுரை வெளியிட்டனர். இதனைக் கொண்டு சோனி நிறுவனம் 2004-இல் ஜப்பானில் ஒரு படிப்பானை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமேசான் நிறுவனத்தின் கிண்டில் 2007 நவம்பரில் வந்தது.

இத்திரையின் சிறப்பு யாதெனில், துகள்கள் ஒருமுறை இடம் மாறியபின், மின்சாரத்தை நிறுத்திவிட்டாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன. அச்சிட்ட தாளைப் பார்த்துக்கொண்டிருக்க மின்சாரம் தேவையில்லை அல்லவா? அதுபோலத்தான் இதுவும். பக்கத்தைத் திருப்பும்போது மட்டுமே மின்சாரம் செலவாகிறது. ஆகவே சிறு மின்கலத்தைக் கொண்டு வாரக்கணக்கில் படிக்க முடிகிறது. ஆனால் இதே சிறப்பே குறையாகவும் அமைகிறது. திரவத்தினூடே துகள் நீந்திச் செல்லக் கால் வினாடி, அரை வினாடி ஆகும். எனவே திரைப்படம் பார்க்க இது உதவாது. பக்கங்களை விரைந்து புரட்டவும் உதவாது. முந்தின பக்கத்து எழுத்தின் நிழல் சற்றே தங்கிநிற்பதும் உண்டு. அதை அழிக்கவே அவ்வப்போது திரை முழுதும் கறுத்து வெளுக்கிறது. புதிதாக வாங்கியவர்கள் இதைப் பழுதென்று எண்ணி அஞ்சுவர், அஞ்ச வேண்டியதில்லை.

வெயிலில் ஒரு கணக்கு

பட்டாசும் தீக்குச்சியும் காய்வதற்கு ஏற்ற வறண்ட வெயில் விருதுநகர் மாவட்டத்துக்கு இயற்கை தந்த முதலீடு. அந்த வெயிலில் இவ்விரு திரைகளும் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். பள்ளி மாணவர்களும் போடக்கூடிய எளிய கணக்குத்தான்.

ஒரு பரப்பின்மேல் விழும் ஒளியை லக்ஸ் என்னும் அலகாலும், அது நம் கண்ணுக்குத் தோன்றும் ஒளிர்வைச் சதுர மீட்டருக்கு இத்தனை கேண்டெலா என்றும் அளப்பார்கள். பின்னதைச் சுருக்கமாக 'நிட்' என்பர். டேப்லெட் விளம்பரங்களில் காணும் நிட் இதுவே. தாள் போன்ற மங்கல் பரப்பின் ஒளிர்வைக் காண, விழும் ஒளியை எதிரொளிப்பு விகிதத்தால் பெருக்கி 3.14-ஆல் வகுத்தால் போதும். நல்ல வெள்ளைத் தாள் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். மின்மைத் திரை அதில் பாதியளவு, அதாவது சுமார் 40 விழுக்காடு.

நண்பகல் வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். அதில் தாளின் ஒளிர்வு ஏறத்தாழ 25,000 நிட். மின்மைத் திரையின் ஒளிர்வு 12,700 நிட். டேப்லெட்டின் விளக்கை முழு அளவில் எரியவிட்டாலும் பொதுவாகக் கிடைப்பது 400 முதல் 500 நிட் மட்டுமே. இது மட்டுமா? டேப்லெட்டின் முகப்பு வழவழப்பான கண்ணாடி. கண்ணாடிப் பரப்பு தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 விழுக்காட்டைக் கண்ணாடி போலவே பிரதிபலிக்கும். வெள்ளைச் சட்டை அணிந்த ஒருவர் வெயிலில் நின்று டேப்லெட்டைப் பார்க்கிறார் என்று கொள்வோம். சட்டையின் ஒளிர்வு 20,000 நிட் என்றால், அதில் 4 விழுக்காடு 800 நிட். திரை தரும் ஒளியைவிட இது அதிகம். அவர் பாடத்தைக் காண மாட்டார். தம் சட்டையைத்தான் காண்பார்!

வேப்பமர நிழலுக்கு வருவோம். அங்கே 5,000 லக்ஸ் ஒளி இருப்பதாகக் கொண்டால், மின்மைத் திரை சுமார் 640 நிட். இங்கே டேப்லெட் ஓரளவு ஈடுகொடுக்கும். ஆனால் விளக்கை முழு அளவில் வைத்தாக வேண்டும். கருவி சூடேறும். சூடு மிகுந்தால் டேப்லெட் தானாகவே ஒளியைக் குறைத்துக்கொள்ளும். இரண்டு கருவிகளிலும் உள்ள லித்தியம் மின்கலங்களுக்கு வெப்பம் பகை என்பதையும் மறக்கலாகாது. வெயிலில் நிறுத்திய காருக்குள்ளோ ஓட்டுக்கூரையை ஒட்டிய பரணிலோ இவற்றை வைக்கக் கூடாது.

இரவில் வீட்டுக்குள் கணக்கு தலைகீழாகிறது. ஒற்றைக் குழல்விளக்கு எரியும் அறையில் 150 லக்ஸ் ஒளி இருந்தால் தாளின் ஒளிர்வு 38 நிட். மின்மைத் திரையோ 19 நிட்தான். சாணித்தாள் போல மங்கித் தெரியும். இக்குறையைப் போக்கவே 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து மின்படிப்பான்களில் முன்விளக்குச் சேர்க்கப்பட்டது. திரையின் ஓரத்தில் உள்ள சிறு விளக்குகளின் ஒளி, மேலே பரப்பிய ஒளிபுகும் மென்தகட்டின் வழியே பரவிக் கீழ்நோக்கி மையின்மேல் விழுந்து, எதிரொளித்து மேலே வருகிறது. மின்தடை நேரும் இரவுகளில் அரிக்கேன் விளக்கைத் தேட வேண்டியதில்லை.

கண்ணுக்கு எது நல்லது?

"டேப்லெட் ஒளியை நேராகக் கண்ணில் பாய்ச்சுகிறது, மின்படிப்பான் எதிரொளிப்பதால் கண்ணுக்குத் தீங்கில்லை" என்று பலர் சொல்லக் கேட்கிறோம். இது பாதி உண்மை. கண்ணுக்குள் நுழையும் ஒளிக்குத் தான் விளக்கிலிருந்து நேரே வந்தோமா, தாளில் பட்டு வந்தோமா என்பது தெரியாது. அதன் செறிவும் நிறமும்தான் கண்ணுக்குப் பொருட்டு. மின்மைத் திரை சுற்றுப்புற வெளிச்சத்துக்கு ஏற்பத் தானே கூடிக் குறைகிறது. டேப்லெட்டை நாம் சரிசெய்ய வேண்டும். இருட்டறையில் முழு ஒளியில் டேப்லெட்டை வைத்துப் படிப்பவர்களின் கண் கூசுவது இயல்பே. ஒளியைக் குறைத்தால் அத்தொல்லை பெரும்பாலும் நீங்கும்.

கண்ணெரிச்சலுக்கு மற்றொரு காரணம், இமைக்க மறப்பது. சாதாரணமாக நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கும் நாம், கருத்தூன்றிப் படிக்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. இது தாளுக்கும் பொருந்தும். இரு திரைகளுக்கும் பொருந்தும். எந்தக் கருவியை வாங்கினாலும் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலையை நிமிர்த்தித் தெருவைப் பார்ப்பது நல்லது.

உறக்கத்தைப் பற்றிய ஒரு சோதனை அடிக்கடி பேசப்படுகிறது. பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் 12 பேரைக் கொண்டு நடத்தி, 2014 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு அது. உறங்குமுன் நான்கு மணி நேரம் ஒளிவிடும் டேப்லெட்டில் படித்தவர்கள், அச்சு நூல் படித்த நாள்களைவிடச் சராசரியாகப் பத்து நிமிடம் தாமதித்தே உறங்கினர். உறக்கத்தைத் தூண்டும் மெலட்டோனின் சுரப்பும் அவர்களுக்குக் குறைந்தது. ஆனால் ஆராயப்பட்டவர்கள் மிகச் சிலர். திரையின் ஒளியும் முழு அளவில் வைக்கப்பட்டிருந்தது. எனவே இதை வைத்து டேப்லெட்டைத் தள்ளிவிட முடியாது. மாணவனின் உறக்கத்தைக் கெடுப்பதில் திரையின் நீல ஒளியைவிட, அதே திரையில் வந்துவிழும் விளையாட்டும் திரைப்படத் துணுக்குகளும்தான் முன்னிற்கின்றன. மின்படிப்பானில் இவை இல்லை. அது செய்யக்கூடிய வேலை ஒன்றே என்பதை ஒரு குறையாகச் சொல்வார்கள். பல வீடுகளில் அதுவே அதன் பெரிய நன்மை.

இதுவரை பார்த்ததில் மின்படிப்பானின் பக்கமே தராசு சாய்வதாகத் தோன்றும். வெயிலுக்கு அதுவே ஏற்றது, மின்சாரச் செலவும் குறைவு, கவனத்தையும் சிதறடிப்பதில்லை. ஆனால் தமிழ்வழியில் படிக்கும் ஒரு மாணவருக்கு அதை வாங்கித் தரலாமா என்று கேட்டால், உடனே 'ஆம்' என்று சொல்ல முடியவில்லை. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

எழுத்தா, படமா?

கணிப்பொறியில் ஒரு நூலை இருவகையாகச் சேர்த்து வைக்கலாம். ஒன்று எழுத்தாக, மற்றொன்று படமாக. எழுத்தாகச் சேர்க்கும்போது ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. யூனிகோடு என்னும் உலகப் பொதுமுறையில் தமிழுக்கு 72 குறியீடுகள் உள்ளன. 'மொழி' என்ற சொல்லைக் கருவி நான்கு எண்களாக நினைவில் வைக்கிறது: ம, ஒகரக் குறி, ழ, இகரக் குறி. படிக்கும் நேரத்தில், ஒகரக் குறியின் கொம்பை மகரத்துக்கு முன்னும் காலைப் பின்னும் வைத்து எழுத்தை வரைந்து காட்டுவது மென்பொருளின் வேலை. இந்த வேலை தெரியாத பழைய கருவிகளில் கொம்பும் காலும் இடம் மாறித் தமிழ் உருக்குலைந்து தெரிந்தது. கிண்டிலில் தமிழ் நூல்கள் முறையாக விற்பனைக்கு வந்தது 2016 டிசம்பரில்தான். அதாவது, கருவி வெளிவந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து.

எழுத்தாக இருக்கும் நூல் தண்ணீர் போன்றது. ஊற்றும் பாத்திரத்தின் வடிவை அது எடுத்துக்கொள்ளும். ஆறு அங்குலத் திரையானால் வரிகள் குறுகும். எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கங்கள் கூடும். பார்வை மங்கிய பாட்டியும் படிக்கலாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை ஆதலால் சிறு திரையில் ஒரு வரிக்கு நான்கைந்து சொற்களே பிடிக்கும்; ஓரங்களைச் சமன் செய்யும்போது சொற்களுக்கிடையே வெற்றிடம் விழும். இது சிறு இடையூறுதான். 'பொன்னியின் செல்வன்' போன்ற ஒரு நெடுங்கதையைப் படிக்க இதைவிட வசதியான சாதனம் வேறில்லை என்பேன். அதன் ஐந்து பாகங்களும் ஒரு கையில் அடங்கும். எடையோ ஒரு குயர் நோட்டுப் புத்தகத்தைவிடக் குறைவு.

படமாக இருக்கும் நூல் கல் போன்றது. பக்கத்தை அப்படியே நிழற்படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். அதில் எழுத்து என்று தனியே ஒன்றும் இல்லை, புள்ளிகளே உள்ளன. நாள்காட்டிப் படத்தை உருப்பெருக்கியால் பார்த்தால் சாமி முகம் மறைந்து வண்ணப் புள்ளிகள் தெரியுமே, அதைப் போல. பெரிதாக்கினால் முழுப் பக்கமும் பெரிதாகும். வரி மடிந்து கீழே வராது. 300 பக்கமுள்ள ஒரு தமிழ் நூலை எழுத்தாக வைத்தால் ஒன்றரை மெகாபைட் போதும். படமாக வைத்தால் 30, 40 மெகாபைட் என்று அது பெருகும்.

அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ., உயரம் 29.7 செ.மீ. ஆறு அங்குல மின்படிப்பானின் திரை ஏறத்தாழ 9 செ.மீ. அகலமும் 12 செ.மீ. உயரமும் உள்ளது. ஏ4 பக்கத்தை அதற்குள் அடக்கினால் ஒவ்வோர் அளவும் சுமார் 40 விழுக்காடாகச் சுருங்கும். 11 புள்ளி அளவில் அச்சான எழுத்து 4½ புள்ளியாகிவிடும். மருந்துப் பெட்டியில் வரும் குறிப்புச் சீட்டுகூட இவ்வளவு பொடி எழுத்தில் இருப்பது அரிது. பத்து அங்குல டேப்லெட்டில் அதே பக்கம் சுமார் 65 விழுக்காடாகச் சுருங்கும். எழுத்து 7 புள்ளிக்கு வரும். சிறியதுதான், ஆனால் படிக்கலாம். வேண்டிய இடத்தை இரு விரலால் விரித்துப் பார்க்கவும் டேப்லெட்டில் நொடியும் ஆகாது. மின்படிப்பானில் ஒவ்வொரு விரிப்புக்கும் துகள்கள் நீந்தி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

இனி நம் மாணவர்களுக்குத் தேவைப்படும் நூல்கள் எவ்வடிவில் உள்ளன என்று பார்க்கலாம். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் நூல்கள் 2018-லும் 2019-லும் புதிய பாடத்திட்டப்படி மாற்றி எழுதப்பட்டன. அவை யாவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி பி.டி.எஃப். கோப்புகளாகவும் கிடைக்கின்றன. அரசுப் பணித் தேர்வுகளுக்குத் தயார் செய்வோரும் ஆறாம் வகுப்பிலிருந்தே இவற்றைத்தான் புரட்டுகின்றனர். இவை பெரிய பக்கமும், வண்ணப் படங்களும், பெட்டிச் செய்திகளும் நிறைந்தவை. அச்சுப் பக்கத்தை நோக்கி அமைக்கப்பட்டவை. சிறு திரைக்கேற்ப மடிந்து வருபவை அல்ல. பயிற்சி மையங்கள் தரும் குறிப்புகளும், நண்பர்கள் கைப்பேசியில் அனுப்பும் வினாத்தாள்களும் பெரும்பாலும் ஏ4 தாளைப் படம் பிடித்தவையே.

வண்ணமும் இங்கே ஓர் அலங்காரமன்று. சுடர்ச் சோதனையை எடுத்துக்கொள்வோம். ஸ்ட்ரான்சியம் சிவப்பையும், பேரியம் பச்சையையும், சோடியம் மஞ்சளையும், தாமிரம் நீலப் பச்சையையும் தரும். மத்தாப்பின் நிறங்கள் பிறப்பது இந்த வேதியியலில்தான். சாத்தூர், சிவகாசிப் பிள்ளைகளுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. வழக்கமான மின்மைத் திரையிலோ கருப்பிலிருந்து வெள்ளை வரை 16 படிநிலைச் சாம்பல்தான் உண்டு. ஏறத்தாழ ஒரே ஒளிர்வுடைய சிவப்பும் பச்சையும் அதில் ஒரே சாம்பலாகிவிடும். படத்தின் பயனே போய்விடும். வண்ண வடிகட்டி பொருத்திய மின்மைத் திரைகளும் வந்துள்ளன. ஆனால் வடிகட்டி ஒளியில் ஒரு பகுதியை விழுங்குவதால் திரை மேலும் மங்குகிறது; வண்ணமும் பழைய செய்தித்தாள் படம் போல வெளிறியே தெரிகிறது. பத்து அங்குல மின்மைத் திரைகளும் உண்டு. அவற்றின் விலை சாதாரண டேப்லெட்டைவிட மிக அதிகம்.

பாடநூலுக்கு வெளியே போனால் நிலைமை இருவிதமாக இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம், 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். உலகெங்கும் உள்ள தமிழர்கள் ஊதியமின்றித் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும், சங்க நூல்கள் முதல் இருபதாம் நூற்றாண்டுப் புதினங்கள் வரை எழுத்தாகவே ஏற்றி வருகின்றனர். இவை மின்படிப்பானுக்கு ஏற்றவை. மின்படிப்பான் கனவிலும் இல்லாத சாதாரண மனிதர்கள் 1998-இல் தட்டிய விசைகள் இன்று அதில் பக்கங்களாகின்றன. 'எழுத்தாக' வைத்ததன் பயன் இது.

மறுபுறம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் பழைய நூல்களையும் இதழ்களையும் பெருமளவில் படமெடுத்து வைத்திருக்கிறது. கிடைத்தற்கரிய செல்வம் அது. ஆனால் அவை படங்கள். படத்தைப் பார்த்து எழுத்தை இனங்காணும் மென்பொருள்கள் தமிழிலும் நன்கு முன்னேறியுள்ளன என்றாலும், ரகரத்தையும் துணைக்காலையும் பிரித்தறிவதில் தடுமாறுகின்றன. 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னா, லை வடிவங்கள் வந்தால் தடுமாற்றம் கூடும். மனிதர் ஒருவர் உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்தே தீரவேண்டும். விக்கிமூலத்தில் தன்னார்வலர்கள் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களுக்கு இப்பணியைச் செய்து வருகிறார்கள்.

அச்சகங்களில் மற்றொரு தடங்கல் உண்டு. யூனிகோடு பரவுமுன் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தத்தம் விருப்பப்படி எண்களை வைத்துக்கொண்டன. ஒரு நிறுவனத்தின் எழுத்துருவில் ககரமாக இருந்த எண் மற்றொன்றில் வேறெழுத்தாக இருந்தது. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டது 2010-இல். அதற்குப் பின்னும் பழைய எழுத்துருக்களிலேயே பக்கம் அமைக்கும் வழக்கம் பல இடங்களில் நீடிக்கிறது. அப்படிச் செய்த கோப்பு தாளில் அழகாக அச்சாகும். திரையிலும் சரியாகத் தெரியும். ஆனால் அதிலுள்ள ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் பொருளற்ற ஆங்கிலக் குறிகள்தான் வரும். பார்வைக்கு எழுத்து; பயனுக்குப் படம். அச்சேற்றும் நாளிலேயே யூனிகோடுப் பிரதி ஒன்றை எடுத்து வைத்துவிட்டால், பின்னாளில் யாரும் அந்நூலை மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டியிராது. சிவகாசி, சென்னை அச்சகத்தார்க்கும் பதிப்பாளர்க்கும் இது ஒரு மணி நேர வேலை. அதைச் செய்யாமல் விடுவதற்கு நியாயம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

விலை கொடுத்து வாங்கும் மின்னூலைப் பற்றியும் ஒரு சொல். அது புத்தகம் போல முழுதும் நம் உடைமையன்று. படிக்கும் உரிமை மட்டுமே நம்முடையது. 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெலின் இரு நூல்களை, உரிமைச் சிக்கல் காரணமாக, வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அமேசான் நீக்கியது. பின்னர் அதற்கு வருத்தமும் தெரிவித்தது. படித்து முடித்த நூலைத் தங்கைக்கோ ஊர் நூலகத்துக்கோ கொடுப்பதும் எளிதன்று. இது டேப்லெட்டில் வாங்கிப் படித்தாலும் அப்படியேதான்.

ஆகவே, கதையும் கட்டுரையும் வாசிப்பவர்கள், ஓய்வு பெற்றோர், மதுரைத் திட்டத்து நூல்களை நாடுவோர் ஆகியோருக்கு மின்படிப்பானே ஏற்றது. பள்ளிப் பாடமோ போட்டித் தேர்வோ முதல் தேவையானால் இன்றைய நிலையில் டேப்லெட்தான் பயன்படும். அறிவிப்பு ஒலிகளை நிறுத்திவைத்து, இரவில் ஒளியைக் குறைத்துக்கொண்டால் போதும். இவ்விடை நிலையானதன்று. பாடநூல்கள் மடிந்து வரும் வடிவிலும் வெளியாகுமானால் மறுநாளே மாறிவிடும்.

கடைக்குப் போகுமுன் இரண்டு சோதனைகளை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். முதலாவது, படிக்க விரும்பும் கோப்பைக் கைப்பேசியிலோ பள்ளிக் கணிப்பொறியிலோ திறந்து, கண்முன் தெரியும் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடச் சொல்லுங்கள். கருவி அதைக் கண்டுபிடித்தால் நூல் எழுத்தாக இருக்கிறது. அப்படி ஒரு சொல்லே இல்லை என்று சாதித்தால் அது படம், அல்லது பழைய எழுத்துரு. இரண்டாவதற்கு ஒரு பழைய நாள்காட்டி அட்டை போதும். அதன் நடுவே 9 செ.மீ. அகலமும் 12 செ.மீ. உயரமும் உள்ள சன்னல் ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். பதினோராம் வகுப்பு இயற்பியல் நூலை விரித்து, அதன்மேல் அட்டையை வையுங்கள். எழுத்து அச்சிட்ட அளவிலேயே இருக்க வேண்டுமானால் ஆறு அங்குலத் திரையில் ஒரே பார்வையில் தெரியக்கூடியது அந்தச் சன்னலுக்குள் அடங்கும் பகுதி மட்டுமே. படம் ஒரு பக்கமும் அதன் விளக்கம் மறுபக்கமுமாக அட்டையை எத்தனை முறை நகர்த்த வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பிறகு அதே அட்டையை ஒரு சிறுகதைத் தொகுப்பின்மேல் வைத்துப் பாருங்கள்.